"நார்மல்"னு சொன்ன கொலனோஸ்கோப்பிக்கு மூணு வருஷம் கழிச்சு அப்பாவுக்குக் குடல் கட்டி. அக்காவுக்கு எடுக்கப் போறோம், என்ன கேட்கணும்?

அம்மாபேட்டை_தறி | செப்டம்பர் 7, இரவு 10:52

வணக்கங்க. சேலம் அம்மாபேட்டை. வீட்டோட நாலு தறி ஓட்டுறோம். அப்பாவுக்கு 58 வயசு. பெருங்குடல்ல வலப்பக்கம் கட்டின்னு போன மாசம் ஆபரேஷன் ஆச்சு. நெறிக்கட்டு மூணுல பரவியிருக்குன்னு பயாப்ஸி சொல்லுது. கீமோ ஆரம்பிக்கிறாங்க.

2022ல அவருக்கு ரத்தம் போச்சு. ஒரு ஆஸ்பத்திரில (பேர் வேண்டாம்) கேமரா வெச்ச குழாயை விட்டுப் பெருங்குடலைப் பாக்கிற கொலனோஸ்கோப்பி பண்ணிட்டு "நார்மல், மூலம் மட்டும்தான்"னு சொன்னாங்க. திரும்பி வர்ற வழியில கோட்டை மாரியம்மனுக்குத் தேங்காய் உடைச்சுட்டு வந்தோம். இந்த வருஷம் தை மாசத்துல இருந்து பாவு தூக்கினாலே மூச்சு வாங்குச்சு. ஹீமோகுளோபின் 7.6. நாலு மாசம் சத்து மாத்திரை சாப்பிட்டார். "குடலையும் ஒருக்கா பாக்கலாமா"ன்னு டாக்டர் கேட்டப்ப, "அது பாத்தாச்சுங்க சார், நார்மல்தான்"னு சொன்னது நான். அதுதான் ராத்திரியில தூங்க விட மாட்டேங்குது.

பழைய ரிப்போர்ட்டை இப்ப எடுத்துப் பாத்தேன். ஒரே பக்கம். "சீக்கம் வரை பார்க்கப்பட்டது. குடல் சுத்தம்: ஃபேர். பாலிப் இல்லை." நாலு போட்டோ, நாலும் ஒரே மாதிரி. எந்த இடம்னு எதுலயும் எழுதல. எவ்வளவு நேரம் பாத்தாங்கன்னும் இல்லை.

மேட்டூர்ல இருக்கிற எங்க அக்காவுக்கு 41. எனக்கு 36. அக்காவுக்கு உடனே எடுக்கணும்னு ஆபரேஷன் பண்ண டாக்டர் சொல்லிட்டார். எடுக்கிறது சரி. ஆனா இந்தத் தடவையும் "நார்மல்"னு வந்தா, அதை எப்படிங்க நம்புறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓமலூர்_டீச்சர் | செப்டம்பர் 7, இரவு 11:20

தம்பி, அப்பா தேறி வருவார். நீங்கள் டாக்டரிடம் சொன்னது பொய்யில்லை. கையில் இருந்த காகிதத்தில் உள்ளதைத்தான் சொன்னீர்கள். அதை மனதில் போட்டு உழப்பாதீர்கள்.

செவ்வாப்பேட்டை_மளிகை | செப்டம்பர் 8, காலை 6:05

இதைச் சும்மா விடக்கூடாது தம்பி. மூணு வருஷத்துல அவ்வளவு பெரிய கட்டி வானத்துல இருந்தா விழும்? நுகர்வோர் கோர்ட்டுல போடுங்க. என் மச்சான் வக்கீல்தான், பேசிப் பாக்கட்டுமா?

ஸ்கோப்ரூம்_அக்கா | செப்டம்பர் 8, பிற்பகல் 2:40

நான் எண்டோஸ்கோப்பி ரூம்ல ஸ்டாஃப் நர்ஸ், பதினாலு வருஷம் ஆச்சு. மளிகை அண்ணா கோபப்படறது நியாயம்தான். கேஸ் போடறதும் விடறதும் அவங்க குடும்பத்து முடிவு. தம்பி கேட்டதுக்கு மட்டும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கொலனோஸ்கோப்பின்னா குழாயை உள்ளே விடறதுதான் வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. உள்ளே போறது வெறும் பயணம்தான். சிறுகுடல் வந்து சேர்ற மூலை வரைக்கும் (ரிப்போர்ட்டுல சீக்கம்னு எழுதறது அதைத்தான்) போய், அங்கிருந்து குழாயைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே இழுக்கும்போதுதான் டாக்டர் பாக்கவே ஆரம்பிப்பாங்க. ஒவ்வொரு மடிப்பையும் விலக்கணும், தேங்கின தண்ணியை உறிஞ்சணும், ஒட்டியிருக்கிற சளியைக் கழுவணும், சுருங்கிக் கிடக்கிற இடத்துல காத்து விட்டு விரிக்கணும், ஆளைப் புரட்டிப் படுக்க வெச்சும் பாக்கணும். இதை அவசரமாவும் செய்யலாம், நின்னு நிதானமாவும் செய்யலாம். ரெண்டுக்கும் ரிப்போர்ட்டுல "நார்மல்"னு ஒரே வார்த்தைதான் வரும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்றேன். வலப்பக்கக் குடல்ல, திரையில மஞ்சளா ஒரு சளிப்படலம், பாலேடு மாதிரி. அந்த மாதிரி நூறு பாத்திருப்போம். டாக்டர் கடந்து போயிட்டாங்க. கொஞ்ச தூரம் இழுத்தவங்க என்ன தோணுச்சோ மறுபடி அங்கேயே போய்த் தண்ணி பீச்சினாங்க. போகல. மறுபடி பீச்சினப்ப நழுவுச்சு. அடியில சதை லேசா வெளுத்து, சப்பையா, கால் ரூபா காசு அகலம் இருக்கும். சுத்தி எல்லா இடத்துலயும் மெல்லிசா ரத்தநாளம் ஓடுது, அந்த வட்டத்துல மட்டும் கோலத்தைக் கால்ல அழிச்ச மாதிரி ஒண்ணுமே இல்லை. அதுதான் அடையாளம். எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினோம், புத்துநோயா மாறக்கூடிய வகைன்னு வந்துச்சு. அன்னைக்கு அவங்க திரும்பிப் போகலைன்னா அந்த அம்மாவுக்கும் "நார்மல்"னுதான் எழுதிக் கொடுத்திருப்போம்.

ஆத்தூர்_டாக்டர் | செப்டம்பர் 8, இரவு 9:15

குடல் இரைப்பை மருத்துவம் என் தொழில். ஊர் ஆத்தூர், வேலை வெளியூரில். உங்கள் அப்பாவின் பழைய வீடியோவையோ படங்களையோ பார்க்காமல் யார் மீதும் குற்றம் சொல்ல மாட்டேன். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாதாரண பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை) ஒன்று வளர்ந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டு அளவில் ஆகும். எனவே சோதனை முடிந்து மூன்றே ஆண்டில் கட்டி வந்தால், பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அன்றைக்கே ஏதோ இருந்து கண்ணில் படாமல் போயிருக்கிறது என்பதுதான் ஆய்வுகளின் முடிவு. மீதியில் சில, அரைகுறையாக வெட்டிய பாலிப்பின் மிச்சத்திலிருந்து வந்தவை. வேறு சில, இயல்பிலேயே வேகமாக வளர்பவை. மரபு வழி வரும் லிஞ்ச் நோய்க்கூட்டில் அப்படி நடக்கும். அதனால் முதல் வேலையாக அப்பாவின் கட்டியில் "மிஸ்மேட்ச் ரிப்பேர்" (மரபணுவை நகலெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்தும்) புரதச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். எடுத்த திசு ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியாகப் பத்திரமாக இருக்கும், இப்போதும் செய்யலாம். அதில் குறை தெரிந்து, ரத்தப் பரிசோதனையிலும் லிஞ்ச் உறுதியானால், உங்கள் இருவருக்கும் கணக்கே வேறு: ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி, அதுவும் இருபதுகளிலேயே தொடங்கியிருக்க வேண்டியது.

இனி தவறவிடுவது பற்றி. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு முறை கொலனோஸ்கோப்பி செய்து பார்த்த ஆய்வுகளை 2006இல் தொகுத்தார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அடினோமாக்களில் (புற்றாக மாறக்கூடிய பாலிப் வகை) முதல் முறை தப்பியவை சுமார் 2 சதவீதம். 5 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றில் தப்பியவை 26 சதவீதம். அந்த மருத்துவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல. குடலின் அமைப்பு அப்படி.

வலப்பக்கம் இன்னும் சிரமம். 2009இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு கணக்கு எடுத்தார்கள். கொலனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களிடம் இடப்பக்கக் குடல் புற்றால் இறப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. வலப்பக்கத்தில் ஏறத்தாழ எந்த மாற்றமும் இல்லை. அதைப் படித்த நாளிலிருந்துதான் எங்கள் துறையே வலப்பக்கத்தைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கியது என்பேன். மேலே நர்ஸ் அம்மா சொன்ன அந்தச் சப்பை வகை அங்கேதான் அதிகம் இருக்கும். செசைல் செரேட்டட் லீஷன் என்போம். நுண்ணோக்கியில் சுரப்பிகளின் ஓரம் ரம்பப் பல் போலத் தெரிவதால் அந்தப் பெயர். தண்டு கிடையாது, எழும்பி நிற்காது, மேலே சளியைப் போர்த்திக்கொள்ளும்.

யார் செய்கிறார் என்பதும் பெரிய வித்தியாசம். 2006இல் அமெரிக்காவில் 12 மருத்துவர்களின் பல ஆயிரம் சோதனைகளைப் பார்த்தார்கள். குழாயை வெளியே இழுக்கச் சராசரியாக 6 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள், தாங்கள் சோதித்தவர்களில் 28 சதவீதம் பேரிடம் அடினோமா கண்டுபிடித்தார்கள். அதைவிடக் குறைவான நேரத்தில் முடித்தவர்கள் 12 சதவீதம் பேரிடம்தான். ஒரு மருத்துவர் சோதிக்கும் நூறு பேரில் எத்தனை பேரிடம் குறைந்தது ஓர் அடினோமாவாவது கண்டுபிடிக்கிறார் என்ற அந்தக் கணக்குக்கு ஏ.டி.ஆர். என்று பெயர். 2014இல் வந்த பெரிய ஆய்வில் 136 மருத்துவர்கள் இருந்தார்கள். ஒரே அமைப்பில் வேலை செய்தவர்கள், ஆனால் ஒருவருக்கு ஏ.டி.ஆர். 7, இன்னொருவருக்கு 52. இந்த எண் 1 சதவீதம் கூடினால், பின்னால் தவறி வரும் புற்று 3 சதவீதம் குறைகிறது என்று அதில் கண்டார்கள். என் தொழிலில் எனக்குத் தெரிந்து, கையின் அக்கறை நோயாளியின் உயிரோடு இவ்வளவு நேராக முடிச்சுப் போட்டிருக்கும் எண் வேறு கிடையாது.

நாகலூர்_காபி | செப்டம்பர் 9, காலை 7:30

ஏற்காடு பக்கம் நாகலூருங்க. இந்த இழையைப் பாத்ததும் அம்மா விஷயத்தைக் கேக்கலாம்னு தோணுச்சு. 63 வயசு. மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்குன்னு ஒரு டெஸ்ட்டுல வந்திருக்கு. சேலத்துல காலை எட்டு மணிக்கு ஸ்கோப்புக்கு வரச் சொல்றாங்க. மருந்துல பாதி முந்தின நாள் சாயங்காலம், மீதி விடியக்காலம் மூணு மணிக்குக் குடிக்கணுமாம். நாங்க ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரணும். பேதி மருந்து குடிச்ச வயசான அம்மாவை அந்த ரோட்டுல எப்படிங்க கூட்டிட்டு வர்றது? முழுசையும் முந்தின நாளே குடிச்சுட்டா ஆகாதா? இல்ல, மல டெஸ்டையே இன்னொரு தடவை பாத்துக்கலாமா?

ஸ்கோப்ரூம்_அக்கா | செப்டம்பர் 9, பிற்பகல் 3:10

நாகலூர் தம்பி, மல டெஸ்டைத் திரும்பப் பண்ணாதீங்க. ஒரு தடவை ரத்தம்னு வந்தா அடுத்தது ஸ்கோப்தான். ரெண்டாம் தடவை இல்லைன்னு வந்தாக்கூட முதல்ல வந்தது அழிஞ்சு போகாது.

மருந்தை ரெண்டாப் பிரிக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. முழுசையும் முந்தின சாயங்காலமே குடிச்சா ராத்திரிக்குள்ள குடல் சுத்தமாயிடும். ஆனா தூங்கும்போதும் சிறுகுடல்ல இருந்து பித்தமும் சளியும் இறங்கிக்கிட்டேதான் இருக்கும். அது முதல்ல வந்து படியறது எங்கே? வலப்பக்கக் குடல்ல. காலையில நாங்க பாக்கும்போது கோந்து தடவின மாதிரி இருக்கும். எது பாக்கவே கஷ்டமான இடமோ, அதே இடத்துல திரை போட்ட மாதிரி. விடியக்காலம் குடிக்கிற ரெண்டாவது பாதிதான் அதைக் கழுவி விடுது. அதை விட்டுடாதீங்க.

நேரத்தை மாத்தலாம். மதியம் பன்னெண்டு, ஒரு மணிக்கு ஸ்லாட் கேளுங்க. மலையில இருந்து வர்றோம்னு சொன்னா எங்க ரூம்ல நாங்க மாத்திக் கொடுத்திருக்கோம். முந்தின நாள் மதியமே இறங்கி வந்து சொந்தக்காரங்க வீட்டுலயோ லாட்ஜுலயோ தங்கிடுங்க. கக்கூஸ் பக்கத்துலயே இருக்கிற ரூமா பாத்துக்குங்க. வயசான அம்மா, ராத்திரியில வழுக்கிடக் கூடாது. முதல் பாதி சாயங்காலம் ஆறு மணிக்கு. ரெண்டாவது பாதி காலையில ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது, ஒன்பதரைக்குள்ள முடிச்சிடணும். ஸ்கோப்புக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியில இருந்து சொட்டுத் தண்ணிகூட வேண்டாம், மயக்க மருந்துக்காக.

சாப்பாடு: ரெண்டு மூணு நாள் முன்னாடியே கீரை, கேழ்வரகு, கம்பு, கொய்யா, தக்காளி விதை எல்லாம் நிறுத்திடுங்க. விதை ஒண்ணு குழாய்க்குள்ள போய் அடைச்சுக்கிட்டா உறிஞ்சவும் முடியாது, கழுவவும் முடியாது. தட்டுவடை செட் வேண்டவே வேண்டாம். சேலத்துக்காரங்களை அது மட்டும் சாப்பிடாதீங்கன்னு சொன்னா முகம் வாடிப் போகுது, ஆனா அந்த பீட்ரூட் துருவல் குடல் சுவத்துல ஒட்டிக்கிட்டு ரத்தம் மாதிரியே இருக்கும். முந்தின நாள் காலையில இட்லியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ குடிக்கலாம். மதியத்துக்கு மேல கண்ணாடி மாதிரித் தெளிஞ்சதுதான்: இளநீர், வடிகட்டின எலுமிச்சை ஜூஸ், பால் விடாத டீ. மோர் ஆகாது. சிவப்புக் கலர் ஜூஸ் ஆகாது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டா ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும், குடலைக் கறுப்பாக்கிடும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடற மாத்திரை இருந்தா டாக்டரைக் கேக்காம நீங்களா நிறுத்தவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.

கடைசியா போறது மூத்திரம் மாதிரி தெளிஞ்ச மஞ்சளா இருக்கணும். கலங்கலாவோ பழுப்பாவோ இருந்தா வந்ததும் எங்ககிட்டச் சொல்லிடுங்க. வெக்கப்பட்டு "நல்லாப் போச்சுங்க"ன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிறவங்கதான் நிறையப் பேர்.

ஓமலூர்_டீச்சர் | செப்டம்பர் 9, இரவு 8:00

அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாவது பாதியில் முக்கால்வாசி வாந்தியாக வந்துவிட்டது. ஆண்கள் நிறைந்த வரவேற்பறையில் சொல்லக் கூச்சப்பட்டு, "குடித்துவிட்டேன்" என்றேன். ரிப்போர்ட்டில் "சுத்தம் போதாது, திரும்பச் செய்யவும்" என்று எழுதியிருந்தார்கள். அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால், நார்மல் என்று எழுதி அனுப்பாமல் போதாது என்று எழுதினாரே, அந்த டாக்டருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். மறுமுறை மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எலுமிச்சை பிழிந்து, ஸ்ட்ராவில் சிறிது சிறிதாக உறிஞ்சினேன். நடுநடுவே கூடத்திலேயே நடந்தேன். வாந்தி வரவில்லை.

கொலுசு_பட்டறை | செப்டம்பர் 10, காலை 11:45

சிவதாபுரத்துல வெள்ளி வேலைங்க. டாக்டர் சாருக்கு ஒரு கேள்வி. இப்ப செயற்கை நுண்ணறிவு வெச்ச ஸ்கோப் வந்திருச்சாமே? பாலிப் இருந்தா திரையில தானாவே பெட்டி போட்டுக் காட்டுமாம். மனுஷக் கண்ணு அசந்தாலும் மெஷின் அசராதே. அது இருக்கிற ஊருக்கே போயிட்டா இந்தப் பிரச்சனையே இல்லைதானே?

ஆத்தூர்_டாக்டர் | செப்டம்பர் 10, இரவு 10:05

நல்ல கேள்வி. பயன் உண்டு, சந்தேகமில்லை. 2019இல் சீனாவில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் செய்த சோதனையில், மெஷின் துணையோடு 29 சதவீதம் பேரிடமும், துணையில்லாமல் 20 சதவீதம் பேரிடமும் அடினோமா கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2021இல் இப்படிப்பட்ட கருவிக்கு முதல் அனுமதி கொடுத்தது. கூடுதலாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் மெஷின் பெட்டி போடுவது கேமரா காட்டுகிற படத்தின் மேல்தான். மடிப்பின் பின்புறம் இருப்பதைக் கேமரா காட்டவில்லை என்றால் மெஷினுக்கும் அது கிடையாது. சளியும் கசடும் மூடிய இடத்தை அது கழுவாது. நாகலூர் நண்பருக்கு இது சட்டென்று புரியும். மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போது வளைவின் இந்தப் பக்கம்தான் தெரியும், திரும்பிய பிறகுதான் அந்தப் பக்கம். குடலிலும் அப்படித்தான், நாங்கள் குழாயை இழுக்கும்போது ஒவ்வொரு மடிப்பின் பின்புறமும் மறைந்திருக்கும். அதற்குத்தான் வலப்பக்கத்தை இரண்டாவது முறை போய்ப் பார்ப்பது, குழாயின் நுனியை உள்ளேயே திருப்பிப் பின்னோக்கிப் பார்ப்பது, நுனியில் ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்டி மடிப்பை அமுக்கிப் பார்ப்பது எல்லாம். நீலச் சாயம் தெளித்தோ, விளக்கின் நிறத்தை மாற்றியோ மேற்பரப்பின் கோடுகளைத் துலக்குவதும் உண்டு. மூடிக்கும் இரண்டாவது பார்வைக்கும் பெரிய செலவு கிடையாது. சேலத்திலேயே, எந்த ஊரிலும், கை பழகிய ஒருவர் செய்ய முடியும்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. 2025இல் போலந்திலிருந்து வந்த ஆய்வு. அந்த மருத்துவமனைகளில் மெஷின் வருவதற்கு முன்பு, மருத்துவர்கள் தாங்களாகச் செய்த சோதனைகளில் 28 சதவீதம் பேரிடம் அடினோமா கண்டுபிடித்தார்கள். மெஷினோடு சில மாதம் பழகிய பிறகு, மெஷின் இல்லாமல் செய்த சோதனைகளில் அது 22 ஆகக் குறைந்திருந்தது. ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. பெட்டி வரும் என்று காத்திருக்கும் கண், தானாகத் தேடுவதைக் குறைத்துக்கொள்ளும். மெஷின் இருக்கும் இடமா என்பதைவிட, நிதானமாகப் பார்க்கும் கையா என்பதைத்தான் நான் என் வீட்டாருக்கு முதலில் பார்ப்பேன்.

அம்மாபேட்டை_தறி | செப்டம்பர் 10, இரவு 11:30

டாக்டர் சார், அக்கா, எல்லாருக்கும் நன்றிங்க. நீங்க சொல்றது எனக்கு என் தொழில்ல புரியுது. துணி தறியில இருந்து இறங்கினதும் மடிச்சு அடுக்கினா அது பாக்கிறது ஆகாது. ரெண்டு பேர் ஓரத்தை இழுத்துப் பிடிச்சு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கி, சாண் சாணா நகத்தினாத்தான் இழை விட்ட இடம் தெரியும். சுருக்கத்துக்குள்ள இருக்கிற பிசிறு எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் தெரியாது. அப்பா எங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுத்த வேலையே அதுதான்.

அப்பா கட்டியில அந்தப் புரதச் சோதனை ஆபரேஷன் அப்பவே பண்ணியிருக்காங்க, இன்னைக்குக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். குறை ஒண்ணும் இல்லைன்னு இருக்கு.

இன்னொரு சந்தேகம். இதையெல்லாம் டாக்டர்கிட்ட நாங்க எப்படிங்க கேக்கறது? "உங்க ஏ.டி.ஆர். என்ன சார்"னு ஒரு தறிக்காரன் கேட்டா, எழுந்து போடான்னுட்டா?

செவ்வாப்பேட்டை_மளிகை | செப்டம்பர் 11, காலை 6:20

காசு கொடுக்கிறது நாம. கேக்கிறதுக்கு என்ன பயம்? கேளுங்க தம்பி.

ஸ்கோப்ரூம்_அக்கா | செப்டம்பர் 11, பிற்பகல் 1:50

அண்ணா, கேக்கிற விதம்னு ஒண்ணு இருக்குதுங்களே. ஏ.டி.ஆர். கணக்கு எழுதி வைக்கிற இடம் நம்ம பக்கம் குறைவு. ஸ்கோப் ரிப்போர்ட் ஒரு பக்கம், பயாப்ஸி ரிப்போர்ட் இன்னொரு பக்கம் கிடக்கும். ரெண்டையும் சேர்த்து எண்ணி வைக்க ஆள் இருக்காது. அதனால அந்த எண்ணைக் கேட்டா நல்ல டாக்டரே முழிக்கலாம், அதை வெச்சு மோசம்னு முடிவு பண்ணிடாதீங்க.

தம்பி, அப்பாவுக்கு நடந்ததை முதல்ல சொல்லுங்க. "மூணு வருஷம் முன்னாடி நார்மல்னு வந்துச்சு, இப்ப வலப்பக்கம் கட்டி. அக்காவுக்கு வலப்பக்கத்தை ரெண்டு தடவை பாத்துடுங்க சார்"னு கேளுங்க. அதைக் கேட்டும் மனசு இளகாத டாக்டரை நான் பாத்ததில்லை. அப்புறம் ரிப்போர்ட்டுல சீக்கம் போட்டோ, சுத்தத்துக்கு மார்க், வெளியே இழுத்த நேரம், மூணும் எழுதித் தரச் சொல்லுங்க. மூணுக்கும் ரிப்போர்ட் அடிக்கிற கம்ப்யூட்டர்லயே இடம் இருக்கு.

ஆத்தூர்_டாக்டர் | செப்டம்பர் 11, இரவு 9:40

அம்மா சொன்ன மூன்றும் சரி. சிறு விளக்கம் மட்டும். சுத்தத்துக்கு "பாஸ்டன்" மதிப்பெண் உண்டு. வலம், நடு, இடம் என மூன்று பகுதிக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 2 வேண்டும். மொத்தம் 7 வந்து, வலப்பக்கம் மட்டும் 1 என்றால் அது போதாது. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் "ஃபேர்" என்று ஒற்றைச் சொல்லாக எழுதியதில் எந்தப் பகுதி எப்படி இருந்தது என்பதே மறைந்துவிட்டது. சீக்கம் படத்தில் குடல்வாலின் துளையும் சிறுகுடல் வந்து சேரும் வால்வும் தெரிய வேண்டும். இழுக்கும் நேரம், முன்பு 6 நிமிடம் என்றிருந்ததை 2024இல் அமெரிக்கச் சங்கங்கள் சராசரி 8 ஆக உயர்த்தின. ஏ.டி.ஆர். குறியளவையும் 35 சதவீதம் ஆக்கினார்கள். ஆனால் அந்த 35ஐ அப்படியே கொண்டுவந்து இங்குள்ள மருத்துவரை அளக்க வேண்டாம். நம் மக்களிடம் அடினோமா அங்கே இருப்பதைவிடக் குறைவு.

நம் அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்று புற்றுகளுக்குத்தான் இடம். பெருங்குடல் இல்லை. ஆகவே யாரும் வீடு தேடி வந்து உங்கள் அக்காவை அழைக்கப் போவதில்லை. அப்பாவுக்கு அறுபதுக்கு முன்பே வந்திருப்பதால், லிஞ்ச் இல்லாவிட்டாலும், பிள்ளைகள் நாற்பதில் தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அக்காவுக்கு இப்போதே, உங்களுக்கு நாற்பதில். அப்பாவுடன் பிறந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

நாகலூர்_காபி | செப்டம்பர் 19, இரவு 7:15

அம்மாவுக்கு முடிஞ்சதுங்க. அக்கா சொன்ன மாதிரியே முந்தின நாள் மதியம் இறங்கி, அஸ்தம்பட்டியில மாமா வீட்டுல தங்கினோம். ஒரு மணி ஸ்லாட். அம்மாவுக்கு எலுமிச்சை பிழிஞ்சும் அந்த மருந்து பிடிக்கல, ஆனா ரெண்டு பாதியும் முழுசாக் குடிச்சுட்டாங்க. இடப்பக்கம் தண்டு வெச்ச பாலிப் ஒண்ணு, 14 மில்லிமீட்டர். வலப்பக்கம் சின்னதா ஒண்ணு, 4 மில்லிமீட்டர். ரெண்டையும் அப்பவே கம்பி வளையம் போட்டு எடுத்துட்டாங்க. ரத்தம் வந்தது பெரியதுல இருந்துதான் இருக்கும்னு சொன்னாங்க. பயாப்ஸிக்குப் போயிருக்கு. அன்னைக்கே மலை ஏறாம இன்னொரு ராத்திரி மாமா வீட்டுலயே இருந்துட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் நேராத் தோட்டத்துக்குப் போய் மிளகுக் கொடியைப் பாத்துட்டுத்தான் அம்மா உள்ள வந்தாங்க.

அம்மாபேட்டை_தறி | செப்டம்பர் 27, இரவு 10:10

அக்காவுக்கு நேத்து எடுத்தாச்சுங்க. நர்ஸ் அக்கா சொல்லிக் கொடுத்த வார்த்தையையே சொன்னேன். அந்த டாக்டர் அப்பாவோட பழைய ரிப்போர்ட்டை வாங்கி ரொம்ப நேரம் பாத்தார். ஒண்ணும் சொல்லல. "நான் ரெண்டு தடவை பாக்கறேன்"னு மட்டும் சொன்னார்.

ரிப்போர்ட்டுல இருக்கிறதை அப்படியே எழுதறேன். "சீக்கம் அடைந்தது, குடல்வால் துளை படம் 3, வால்வு படம் 4. சுத்தம் வலம் 2, நடு 3, இடம் 3, மொத்தம் 8. வலப்பக்கம் இருமுறை பார்க்கப்பட்டது, இரண்டாவது முறை குழாயைத் திருப்பி. வெளியே இழுத்த நேரம் 11 நிமிடம். பாலிப் இல்லை. ஐந்து ஆண்டில் மீண்டும்."

கீமோ முடிச்சு வந்த அசதியில படுத்திருந்த அப்பாகிட்டக் காட்டினேன். எழுந்து உக்காந்து, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு படத்தையும் டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்தார். மூணாவது படத்துல விரலை வெச்சு, "இதுதான் கடைசி மூலையா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "எனக்கு இந்தப் படம் இல்லையே"ன்னார்.

ஸ்கோப்ரூம்_அக்கா | செப்டம்பர் 28, காலை 8:30

படிச்சதும் கண் கலங்கிடுச்சு தம்பி. அப்பாவைப் பாத்துக்குங்க, கீமோ நாள்ல வாய்ப்புண் வந்தா உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லுங்க. அந்த ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணாதீங்க, சூட்டுல போட்டோ போயிடும். செராக்ஸ் ஒண்ணு, போன்ல படம் ஒண்ணு எடுத்து வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சுப் பாக்கிற டாக்டர் அதைக் கேப்பாங்க.

நாகலூர்_காபி | அக்டோபர் 1, மாலை 6:40

அம்மாவோட பயாப்ஸி வந்திருச்சு. ரெண்டும் அடினோமாதான், புத்து இல்லை. மூணு வருஷத்துல திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. ஓரம் வரைக்கும் முழுசா எடுத்திருக்குன்னு எழுதியிருக்கு. டாக்டர் சார், என் தங்கச்சிக்கு 38. அவளுக்கும் நாற்பதுலதானா, இல்ல இப்பவே பாக்கணுமா?

ஆத்தூர்_டாக்டர் | அக்டோபர் 1, இரவு 9:55

அம்மாவின் பெரிய பாலிப் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் தங்கைக்கும் உங்களுக்கும் சோதனை உண்டு. வயிற்றில் தொந்தரவோ, ரத்தம் போவதோ, ரத்தசோகையோ இல்லை என்றால் நாற்பதில் போதும். இருந்தால் இப்போதே. பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல் ஒன்றைத் தங்கையிடமும் கொடுத்து வையுங்கள்.